ஓடாத வாட்சுக்குச் சாவி

அந்தப் பஸ் டிப்போவில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பிறை போல வளைந்த ஓர் ஊசி அவளுடைய காக்கி மேல்சட்டைக் காலரில் எப்போதும் குத்தியிருக்கும். கிழிந்த சீட்டுகளைத் தைப்பது அவள் வேலை. நேர்த்தையலுக்கு மெஷின் இருந்தது. மெஷின் நுழையாத மூலைகளிலும் இடுக்குகளிலும் அந்த வளைந்த ஊசிதான் போய் வரும்.

"அக்காகிட்ட ரொம்ப வாய் காட்டாதீங்கப்பா, பேச்சோட பேச்சா உதட்டையும் சேத்துத் தச்சிடும்" என்று டிரைவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

"உங்க உதட்டுக்கு என் நூல் தாங்காது. டயர் தைக்கிற நூல் எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள், தலை நிமிராமல்.

அவள் தைத்த சீட்டைத் தடவிப் பார்த்தால் எங்கே கிழிந்திருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. மற்றவர்கள் ரெக்சின் துண்டை மேலே வைத்து ஒட்டுப் போடுவார்கள். இவள் உறையைப் பிரித்து, உள்பக்கமாகத் துண்டு கொடுத்து, ஃபோமைச் சீவி மட்டப்படுத்தி, மறுபடி மூடுவாள். வேலை கொஞ்சம் கூடுதல்தான். "ஏன்க்கா இவ்வளவு பாடுபடுற, மேலாப்ல ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "முடிச்சு உள்ள போகணும். உக்கார்றவங்களுக்குக் குத்தக் கூடாது."

இந்த ஒரு வரிதான் அவளுடைய முழு வாழ்க்கை என்று நான் சொன்னால், கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவளை டிப்போவுக்குக் கூட்டி வந்தவர் அவளுடைய மாமனார். அங்கே டைம்கீப்பர். எந்தப் பஸ் எந்த நேரத்தில் கிளம்ப வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பார், கையை உயர்த்துவார், "ரைட்" என்பார். அந்தச் சொல் வரும்வரை எந்தச் சக்கரமும் உருளாது. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் கிழிந்துபோன பை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பையை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க டிப்போவுல சீட்டெல்லாம் வயித்தைக் கிழிச்சுக்கிட்டுக் கிடக்கும்மா. நீ வா."

"எனக்கு நாலு பேருக்கு முன்னாடி பேச வராது மாமா."

"நீ தச்சுக் காட்டு. பேசறத நான் பாத்துக்கறேன்."

அப்படித்தான் வந்தாள். அப்படிப்பட்ட மனிதரைத்தான் விதி ஒரு நாள் காலையில் குளியலறை வாசலில் சாய்த்துவிட்டது. பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிடக் கொடுமை, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் அவர் கையிலிருந்த பழைய வாட்ச் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. உயிரே இழுபறியாக இருந்த நேரத்தில் வாட்சை யார் தேடுவார்கள்? கட்டிலின் ஓரத்தில் நின்று மருமகள் அவர் காதருகே குனிந்து ஒன்று மட்டும் சொன்னாள். "மாமா, இனிமே பேசறத நான் பாத்துக்கறேன்."

வீட்டுக்கு வந்தபின் அவரை முன்னறையில், ஜன்னலோரம் படுக்க வைத்தார்கள். அங்கிருந்து தெரு தெரியும், பஸ் போவது தெரியும். காலையில் அவரைத் துடைத்து, உடை மாற்றி, ஊட்டிவிட்டு அவள் டிப்போவுக்குப் போவாள். பகலில் அவளுடைய கணவன் பார்த்துக்கொள்வான். லோடு வண்டி ஓட்டுகிற அவன், அதற்காகவே சாயங்கால லோடுகளுக்கு மாறியிருந்தான்.

நாளாக ஆக, பெரியவருக்கு இரண்டே இரண்டு சொற்கள் திரும்பி வந்தன. கோணிய வாயிலிருந்து, பெரும்பாடுபட்டு வந்தன.

"சாவி... குடு."

முதல் தடவை கேட்டபோது வீடே குதூகலித்தது. மாமனார் பேசிவிட்டார். வாசல் சாவியைக் கொண்டுவந்து அவருடைய இடது கையில் வைத்தார்கள். பார்த்தார். உதறிவிட்டார். வண்டிச் சாவியைக் கொடுத்தார்கள். அதுவும் தரையில் விழுந்தது. பரணிலிருந்த தகரப் பெட்டியின் துருப்பிடித்த சாவியைக்கூடத் தேடி எடுத்துத் தந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் அதே பேச்சு. "சாவி குடு."

"அப்பாவுக்குப் புத்தி தடுமாறிடுச்சு" என்றான் கணவன். மனசு ஆறட்டும் என்று தங்க நிறத்தில் மினுங்கும் புது வாட்ச் ஒன்றை வாங்கி வந்தான். பெரியவர் முகம் சட்டென்று மலர்ந்தது. பக்கத்தில் நீண்டிருந்த குமிழை இடது கை விரல்களால் பிடித்துத் திருகினார். அது வழுக்கிக்கொண்டு சுற்றியது. அவ்வளவுதான், வாட்ச் சுவரில் போய் மோதியது.

அந்த வீட்டில் ஒரு சாவிக்கொத்து உண்டு. பீரோ, அலமாரி, பின்கட்டு எல்லாம் அதில்தான். மாமியார் கண்ணை மூடும் முன் மருமகள் கையில் வைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க மகள் வந்தாள். இவளுக்கு நாத்தனார். நல்லவள்தான். ஆனால் நாக்குக்கும் மனசுக்கும் நடுவில் கதவு வைக்காமல் கட்டிவிட்ட வீடு அது. அப்பா "சாவி குடு" என்றதைக் கேட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள்.

"எந்தச் சாவியக் கேக்குறாருன்னு உங்களுக்குப் புரியலையா அண்ணி?"

"எல்லாச் சாவியும் குடுத்துப் பாத்துட்டேம்மா."

"கொத்தக் குடுத்தீங்களா?"

ஊசியக்காவுக்குக் கை நின்றது. பால் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா போனதுலருந்து கொத்து உங்ககிட்ட. அவரு வாயில்லாமக் கிடக்கறப்போ இது ஒண்ணைத்தான் கேக்குறாருன்னா, மனசுல எவ்வளவு நாள் உறுத்தியிருக்கும்? நான் சண்டைக்குச் சொல்லல. நீங்களே யோசிங்க."

"அடுத்தவங்க வீட்டுல பேசற மாதிரி பேசற" என்று கணவன் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு அண்ணே. நீ எப்பவும் மத்தளம், ரெண்டு பக்கமும் அடி வாங்கிட்டு நடுவுல உக்காந்திருப்ப."

ஊசியக்கா எழுந்து போய்க் கொத்தை எடுத்து வந்தாள். மாமனாரின் தலைமாட்டில் வைத்தாள். அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

"அடுத்த ஞாயிறு வந்து அப்பாவை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கொஞ்ச நாள் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள் நாத்தனார்.

நிம்மதி. அந்த ஒரு சொல், நெருப்புத் துண்டு போல ஊசியக்காவின் நெஞ்சில் விழுந்தது. தினமும் வாயைத் துடைத்துவிட்ட கைக்கு, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்த கைக்கு, இதுதானா பெயர்? வாரம் முழுவதும் ஊசி பிடித்தாள். மனம் மட்டும் ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. மாமா என்னை நம்பவில்லையா?

சனிக்கிழமை தைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒன்று தோன்றியது. டிப்போவில் மாமாவுக்கென்று ஒரு சின்ன அறை இருந்ததே. அதை இடித்துப் புதுசாகக் கட்டிவிட்டார்கள். அந்த அறைச் சாவியைக் கேட்கிறாரோ? சாவி இல்லாவிட்டால் என்ன, அந்த மாதிரி நீளமான பழைய சாவி ஒன்று கிடைத்தால் போதாதா?

டிப்போ வாசலுக்கு எதிரே பெரிய குடை ஒன்றின் கீழ் பழைய சாமான் விற்கிறவர் ஒருவர் இருந்தார். பூட்டு, டார்ச் லைட், மூக்குக் கண்ணாடி, கடிகாரம், எல்லாம் ஒரு தார்ப்பாயில் பரப்பியிருக்கும். கடிகாரம் பழுது பார்க்கவும் தெரிந்தவர். வேலை முடிந்து அவள் போனபோது ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு குனிந்திருந்தார்.

"அண்ணே, பழைய சாவி ஏதாவது இருக்கா?"

அவர் நிமிராமலே தார்ப்பாய் ஓரத்திலிருந்து ஒரு வாட்சை எடுத்து நீட்டினார். "இது ஒண்ணுதான் இருக்கு."

"வாட்ச் இல்லண்ணே. சாவி."

"அதாம்மா, சாவி குடுக்கற வாட்ச். பாட்டரி கிடையாது. ஆனா ஒண்ணு, முன்னாடியே சொல்லிடறேன். சாவி குடுத்தாலும் ஓடாது."

ஊசியக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவள் காதில் விழவில்லை.

சாவி கொடுப்பது. எவ்வளவு காலமாயிற்று அந்தப் பேச்சைக் கேட்டு. வீட்டுச் சுவரில் தொங்கியது பாட்டரிக் கடிகாரம். கணவன் நேரம் பார்ப்பது போனில். வாட்சுக்குச் சாவி கொடுக்கிற வேலை அந்த வீட்டில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அதையும் அவர் வீட்டில் செய்ததில்லை. காலையில் முதல் பஸ் கிளம்பும் முன், டிப்போ வாசலில் நின்றபடி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தக் குமிழைப் பிடித்து... புது வாட்சின் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு ஏன் எறிந்தார் என்பது அப்போது விளங்கியது. அது பிடித்து ஏறவில்லை. வெறுமனே சுற்றியது.

"கொடுங்க, பாக்கறேன்."

வாட்சின் தோற்றம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கண்ணாடி முழுவதும் கீறல். முலாம் தேய்ந்து பித்தளை பல்லிளித்தது. வார் இல்லை. சின்ன முள் எங்கோ ஒரு மூலையில் சாய்ந்து கிடந்தது. குமிழைத் திருகினாள். கர்ர், கர்ர் என்று விரலுக்குள் ஏதோ பிடித்து ஏறியது.

"ஏறுதே?"

"சுருள் நல்லாத்தான் இருக்கு. அதான் ஏறுது. உள்ள ஆடற சக்கரத்தோட அச்சு முறிஞ்சு போச்சு. அது எங்கயும் கிடைக்காது. மனுஷன் மாதிரிதாம்மா. சாப்பாடு இறங்கும், எழுந்து நடக்கறதுக்குத்தான் வழியில்ல."

அவருக்குத் தெரியாது, தான் யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று.

அவள் வாட்சைக் கீழே வைத்தாள். நினைத்தது தப்பாக இருந்தால்? சாவி கேட்ட மனிதருக்கு ஓட்டை வாட்சைக் கொடுத்தாள் என்று நாத்தனார் ஊர் முழுக்கச் சொல்வாள். சரியாக இருந்தால் அது இன்னும் பயம். ஆயிரம் பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பிய கையில் செத்த கடிகாரத்தை வைப்பதா? ஓடுகிற வாட்ச் ஒன்றை ஆற அமரத் தேடலாம். ஆனால் நாளைக்கு ஞாயிறு. மாமா போய்விடுவார், தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதும் தெரியாமலே போய்விடும். நாலடி நடந்தாள். திரும்பி வந்தாள்.

"தினமும் சாவி குடுக்கலாமாண்ணே இதுக்கு?"

"எங்கம்மா? ஓடினாத்தானே சுருள் இறங்கும். ஒரு தடவை முட்ட ஏத்தினா அதோட சரி. மறுநாள் ஏத்த இடம் இருக்காது."

அவள் யோசித்தாள். தையல்காரியின் யோசனை. தப்பாக விழுந்த தையலைப் பிரிக்கலாம். அப்படியானால்?

"ஏறினத இறக்க முடியுமா?"

அவர் இப்போதுதான் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "இதைப் பாக்கற எல்லாரும் ஓட வைக்க முடியுமான்னுதான் கேப்பாங்க. இறக்க முடியுமான்னு கேட்டது நீங்கதான்." முதுகுத் தகட்டை நகத்தால் நெம்பினார். தேய்ந்து போயிருந்ததால் எளிதில் கழன்றது. "இதோ பாருங்க, இந்தப் பல்சக்கரத்தைக் கவ்விட்டு நிக்குதே ஒரு குட்டி நாக்கு. குமிழை விரல்ல பிடிச்சுக்கணும், நாக்கை லேசாத் தள்ளணும், விரலை மெதுவாத் தளத்தணும். சடார்னு விட்டுடக் கூடாது. தள்றதுக்கு மெல்லிசா எதாவது வேணும்."

அவள் காலரிலிருந்து வளைந்த ஊசியை உருவினாள். நூல் கோக்கும் காதுப் பக்கம் மழுங்கலாக இருக்கும். நாக்கைத் தொட்டாள், தள்ளினாள், விரலைத் தளர்த்தினாள். குமிழ் அவள் விரலுக்குள் உயிருள்ளது போலப் பின்னோக்கிச் சுழன்று அடங்கியது.

விலையைச் சொன்னார். "வாட்ச்தான் ஓடல, விலை நல்லாவே ஓடுது" என்றாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் குறைத்துத்தான் கொடுத்தார். வார் அவள் செய்துகொண்டாள், கறுப்பு ரெக்சின் ஒட்டில். முடிச்சு உள்ளே.

ஞாயிறு வந்தது. நாத்தனார் அப்பாவின் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சாவிக்கொத்து தலைமாட்டிலேயே கிடந்தது. பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "சாவி... குடு."

"பாத்தீங்களா, இன்னைக்கும் அதேதான்" என்றாள் நாத்தனார்.

ஊசியக்கா கட்டிலருகே மண்டியிட்டாள். கைக்குள் இருந்ததை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தாள்.

"என்ன அண்ணி இது? சாவி கேட்டா, குப்பையில கிடந்த வாட்சைக் குடுக்கறீங்க?"

அவள் திரும்பவில்லை. வாட்சை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, குமிழ் அவர் பக்கம் இருக்குமாறு நீட்டினாள். "மாமா, சாவி குடுங்க."

பெரியவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. விரல்கள் குமிழைத் தொட்டன, வழுக்கின, மறுபடி தொட்டன.

கர்ர்.

அந்த ஒலி அந்த முன்னறை முழுவதும் கேட்டது. நாத்தனாரின் கையில் மடித்த சட்டை பாதியில் நின்றது. கர்ர், கர்ர். வாசலில் நின்ற மகன் உள்ளே வந்தான். பெரியவரின் நெற்றியில் வேர்த்தது. விரல்கள் ஓய்ந்து ஓய்ந்து திருகின. குமிழ் இறுகிய இடத்தில் தானாக நிறுத்தினார். அதற்கு மேல் ஓர் இழைகூடத் திருகவில்லை. தெரிந்த கை அது.

பிறகு வாட்சை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

ஊசியக்கா அவர் முகத்தையே பார்த்தாள். ஒலி வராதே. வராது என்று தெரிந்தே கொடுத்தாளே. மன்னித்துவிடுங்கள் மாமா என்று உதட்டுக்குள் சொன்னாள்.

அவர் வாட்சைக் காதிலிருந்து எடுத்தார். கீறல் விழுந்த கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார். பிறகு அதே விரலால், போர்வை மேல் அசையாமல் கிடந்த தன் வலது கையைத் தட்டினார். வாட்ச். கை. மறுபடி வாட்ச். அவருடைய கோணிய வாய் இன்னும் கோணியது. அழுகிறார் என்று மகன் பதறி நெருங்கினான். அழவில்லை. சிரித்தார். விழுந்த நாளிலிருந்து முதல் சிரிப்பு.

தலைமாட்டில் வாட்சை வைக்கப் போனார். இடத்தை அடைத்துக்கொண்டு என்னவோ கிடந்தது. புறங்கையால் தள்ளிவிட்டார். சாவிக்கொத்து சலசலவென்று தரையில் விழுந்தது. அந்த இடத்தில் வாட்சை வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

நாத்தனார் குனிந்து கொத்தை எடுத்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்கள் நிரம்பியிருந்தன.

"இந்தாங்க அண்ணி. நான் ஒரு மடச்சி."

"நீ மட்டும் என்ன, நானும் பழைய சாவி தேடித்தான் போனேன்" என்றாள் ஊசியக்கா.

"அப்ப வீட்டுலயே கொஞ்சம் புத்தி உள்ளவன் நான்தான். வாட்ச் வேணும்னு முதல்லயே கண்டுபிடிச்சேன்" என்றான் கணவன்.

"வந்துட்டாரு மத்தளம்" என்றாள் தங்கை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பையிலிருந்த துணியெல்லாம் திரும்ப அலமாரிக்குப் போயிற்று.

அன்றிலிருந்து அந்த வீட்டில் காலை அப்படித்தான் விடிந்தது. துடைத்துவிடும்போது, அவர் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த வாட்சைக் கழற்றுவாள். தண்ணீர் மாற்றப் போகிற சாக்கில் சமையலறைக்கு எடுத்துப் போய், முதுகுத் தகட்டைத் திறந்து, ஊசியால் சுருளை இறக்கி, மூடிக்கொண்டு வருவாள். அவருக்குத் தெரியக் கூடாது. முடிச்சு உள்ளே இருக்க வேண்டும். அவர் சாவி கொடுப்பார். ஒவ்வொரு நாளும் அந்த விரல்களில் கொஞ்சம் பிடி கூடியது. பிறகு ஸ்பூனைப் பிடித்தார். பிறகு டம்ளரை.

கணவன் எங்கெங்கோ அலைந்து, சாவி கொடுத்தால் ஓடக்கூடிய வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். பெரியவர் வாங்கிப் பார்த்தார், காதில் வைத்தார், தலையாட்டினார், பிறகு அதை மகனின் கையிலேயே கட்டச் சொல்லிச் சைகை காட்டினார். "சரிதான்" என்றாள் ஊசியக்கா. "வண்டி ஓட்டறவருக்கு ஓடுறது. உக்காந்திருக்கறவருக்கு நிக்கறது."

ஒரு நாள் காலை அவள் நேரமாகிவிட்ட பரபரப்பில் இருந்தாள். துடைத்துவிட்டு வாட்சைக் கழற்றக் கை நீட்டினாள். அதற்குள் அவரே அதைக் கழற்றி வைத்திருந்தார். நீட்டினார். முகம் கீழே, முதுகுத் தகடு மேலே இருக்கும்படி நீட்டினார்.

அவள் திகைத்து நின்றாள். அவருடைய இடது கை எழுந்து வந்து அவள் காலரைத் தொட்டது. வளைந்த ஊசியைத் தடுமாறி உருவி, வாட்சின் மேல் வைத்தது.

காலமெல்லாம் கடிகாரத்தோடு வாழ்ந்த மனிதருக்கு, ஓடாத வாட்சில் சுருள் தானாக இறங்காது என்று தெரியாமல் இருக்குமா? முதல் நாளே தெரிந்திருக்கும். மருமகள் மறைத்து வைத்த முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு, இத்தனை நாளும் ஒன்றும் தெரியாதவர் போல இருந்திருக்கிறார்.

அவள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். தகட்டைத் திறந்தாள். இரண்டு தலைகளும் அந்தச் சின்னச் சக்கரங்களின் மேல் குனிந்தன. ஊசி நாக்கைத் தள்ளியது. சுருள் இறங்கி அடங்கியது. மூடிக் கொடுத்தாள். அவர் ஏற்றினார். இறுகியதும் நிறுத்தினார்.

ஜன்னலுக்கு வெளியே, டிப்போவிலிருந்து கிளம்பிய பஸ் ஒன்று திரும்பியது. பெரியவர் ஓடாத வாட்சைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்ற மருமகளைப் பார்த்தார். இடது கையை உயர்த்தினார்.

"ரைட்" என்றார்.

ஊசியக்கா வேலைக்குக் கிளம்பினாள்.